சி ரூசாவில் தட்டிய படப்பெட்டி

திரையில் ஓர் அண்ணனும் தங்கையும் வட்டமான தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கையால் சுற்றிப் படம் காட்டிய ஆதிகாலத்துக் கதை. ஆற்றில் விழுந்து, ஆட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு, எப்படியாவது அந்தப் படப்பெட்டியைக் கொட்டகையில் சேர்த்துவிட வேண்டும் அவர்களுக்கு. சிரம்பானில் குளிரும் அரங்கில், என் மடியிலிருந்த பாப்கார்ன் டப்பாவில் விரல்கள் தாமாகவே தாளம் போட்டன. லோபாக்கிலிருந்து கூட்டி வந்த பேத்தி காதோரம் சாய்ந்தாள்.

"தாத்தா, அங்க ஆப்பரேட்டர் காத்துக்கிட்டு இருக்காரு லா. இவரும் தூங்கிடுவாரா?"

அவள்மேல் தப்பில்லை. கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் அந்தத் தூங்குமூஞ்சி ஆப்பரேட்டர் கதையைப் பரப்பியவன் நான்தான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்ததால் ரந்தாவ் சினிமாக் கொட்டகையில் வேலை கிடைத்தது. ஒரே படம் போர்ட்டிக்சனிலும் ரந்தாவிலும் ஓடும். அங்கே ஒரு மணி நேரம் முந்தி ஆரம்பிப்பார்கள். ஓடி முடிந்த பெட்டிகளை நான் மோட்டாரில் கட்டிக் கொண்டுவர, ஆப்பரேட்டர் அண்ணன் இங்கே ஓட்டுவார். படச்சுருளைத் தொடுமுன் சவுக்காரம் போட்டுக் கை கழுவுகிற மனிதர். "சனங்க வாரம் பூரா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிட்டு வர்றாங்கடா. அவங்கள காக்க வைக்காத" என்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், கடைசிப் பெட்டியோடு சி ரூசா கடற்கரைப் பக்கம் மோட்டாரைத் திருப்பினேன். ஐந்து நிமிடம் கடலைப் பார்க்கத்தான். தெரிந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைத் தட்டிக்கொண்டே ஆடினேன். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு நேரம் தெரியாது.

ரந்தாவ் வந்தபோது வெறும் திரைமேல் செருப்பு பறந்து முடிந்து, கூட்டம் வாசலில் முதலாளியைச் சூழ்ந்திருந்தது.

"ஏன்டா லேட்டு?"

மூளைக்கு முன்னால் வாய் ஓடியது. "நான் வந்து எவ்வளவு நேரமாச்சு முதலாளி! பின்கதவைத் தட்டுறேன், தட்டுறேன், அண்ணனோட குறட்டைதான் பதில் சொல்லுது!" குறட்டையும் விட்டுக் காட்டினேன். அவ்வளவு கோபத்திலும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அண்ணன் ஈரக் கையோடு படியில் நின்று என்னைப் பார்த்தார். என் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். அது அவருக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பெட்டியை வாங்கிப்போய் மிச்சப் படத்தை ஓட்டினார். மறுநாள் முதலாளி அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அவர் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போனார். ஒருமுறை பாசாரில் எதிரே வந்தார். வீரன் நான், மீன்கடைக்குள் புகுந்து வாங்காத மீனுக்கு விலை கேட்டேன். அவர் சாவுக்கும் போகவில்லை. ஆனால் அந்தக் குறட்டையை மட்டும் விடவில்லை. எந்த வீட்டிலும் அதற்குச் சிரிப்பு நிச்சயம்.

"சொல்லுங்க தாத்தா, தூங்கிடுவாரா?" குறட்டை வரும் என்று பேத்தி முன்கூட்டியே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. ஆப்பரேட்டர் தூங்கவே இல்ல. தாத்தாதான் லேட்டு. கடற்கரையில ஆடிக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் கையை எடுத்தாள். சிரிக்கவில்லை. "அப்போ அவருகிட்ட சாரி சொன்னீங்களா?"

திரையில் பிள்ளைகள் பெட்டியைக் கொண்டு சேர்த்துவிட்டார்கள். அரங்கமே கைதட்டியது. நான் பாப்கார்ன் டப்பாவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தேன், விரல் அசையாமல்.