பதினேழாம் குப்பி

சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கணினி தந்த தாள்களை மடியில் பரப்பி, வித்தியாசப்படும் ஒவ்வொரு எழுத்தையும் நீலப் பென்சிலால் சுழித்துக்கொண்டிருப்பாள் ராஜஸ்ரீ. திரையிலேயே பார்க்கலாம்தான். "திரையில கண்ணு ஓடிப்போயிடறது. பேப்பர்ல ஓட முடியாது, அல்லே?" என்பாள். வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழ், வால் மட்டும் மலையாளம்.

திருவனந்தபுரத்து ஆய்வகமொன்றில் எலிக்காய்ச்சல் கிருமிகளின் மரபெழுத்துகளை ஒப்பிடுவது அவள் வேலை. எலியிடம் எடுத்தது, ஓடையில் எடுத்தது, காய்ச்சல்காரர் ரத்தத்தில் எடுத்தது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனிதரைப் பிடிக்கக் கிருமி எதை விட்டது, எதைக் கற்றது என்று துருவுவாள். தோட்டத்து லைன் வீடுகளில், ஒரே லயத்தில் காய்ச்சலில் படுத்த இருவரின் கிருமியில்கூட நாலைந்து எழுத்தாவது மாறியிருக்கும். "உசிரோட இருக்கறது மாறாம இருக்குமோ?" என்று கேட்பாள்.

பதினேழாம் குப்பி, பொன்முடித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாடம்மாளின் ரத்தம். அதில் வளர்ந்தது வெளிநாட்டு இனம் என்பதுதான் மூன்று வருடக் கட்டுரையின் உயிர். கட்டுரை வந்தால்தான் மார்ச்சில் முடிகிற அவள் வேலை நீளும். அனுப்பவேண்டிய நாள் காலையில் கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால், தாளில் சுழிக்க ஒன்றுமே இல்லை. சோதனைக்கென்று ஆய்வகம் வளர்த்துவரும் வெளிநாட்டுக் கிருமியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள். அன்றைக்கு இரண்டு குப்பிகளையும் அடுத்தடுத்துத் திறந்தது அவளேதான். ஒன்று மற்றதில் கலந்துவிட்டது. நாமாக இருந்தால் சத்தம் போடாமல் மூடிவைத்திருப்போம்.

அவள் தாள்களோடு போய் நின்ற ஆய்வகத் தலைவர் ஹரிநாராயணன் நல்ல மனுஷர்தான். "யாரு போய்ப் பாக்கப்போறா, ராஜஸ்ரீ? உன் வேலையையும் நினைச்சுக்கோ."

"நினைச்சுண்டுதான் சார் இருக்கேன், பயமாத்தான் இருக்கு. ஆனா இதை நம்பி டாக்டர்மாரெல்லாம் இல்லாத கிருமியை மலையில தேடிண்டிருப்பா. மாடம்மாளைப் படுக்கப் போட்டது எதுன்னு தெரியாமலே போயிடும்."

"திரும்ப வளர்க்க மூணு மாசம் ஆகும். வளருமோ என்னவோ."

"ஆகட்டும் சார்."

'ஆய்வகத்தில் கலப்பு' என்று மட்டும் எழுது, பேர் வேண்டாம் என்றார் அவர். குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'கலந்தது என் கை' என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டாள் ராஜஸ்ரீ. பிறகு மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரிலிருந்து மாடம்மாளின் ரத்தத்தில் மிச்சமிருந்த ஒரே குப்பியை எடுத்து, உறை போட்ட உள்ளங்கைகளுக்கு நடுவே பொத்தி இளக்கத் தொடங்கினாள்.