இல்ல என்ற பட்டன்

சுரேந்திரனுக்கு முதலில் போனது இடது கை. மஞ்சூர் ரோட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவனுக்குக் கியர் போடுகிற கை அது. குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்துத் தொடையில் தேய்த்துத் தேய்த்து ஓட்டினான். பிறகு நாக்கு குழறியது. பட்டப்பகலில் குடித்துவிட்டு வண்டி எடுக்கிறான் என்று யாரோ போட்டுக்கொடுக்க, குடியையே தொடாத மனுசன் ஃபேக்டரி வாசலில் எல்லார் முன்னாலும் ஊதிக் காட்டிவிட்டு வந்தான்.

கோயம்புத்தூர் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். உடம்பை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்துவதற்கு மருந்தில்லை. புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும் என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் அதைச் சொன்னார். அவன் பெண்டாட்டி ரேணுகாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரேணுகா குன்னூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதுகிறவள். தேயிலை ஃபேக்டரிகளில் கொழுந்து எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டர்களுக்கான ப்ரோக்ராம். ஒவ்வொரு ஃபேக்டரிக்காரரும் திரை தன் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்பார். அதனால் எந்தப் பட்டன் எங்கே, அதன் மேல் என்ன எழுத்து என்பதையெல்லாம் ப்ரோக்ராமுக்குள் எழுதாமல் தனியாக ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி வைப்பார்கள். ப்ரோக்ராம் திறக்கும்போது அந்த ஃபைலைப் படித்து, அதில் உள்ளபடி திரையைக் கட்டிக்கொள்ளும். ஃபைலில் ஒரு வரி கூட்டினால் திரையில் ஒரு பட்டன் கூடும். எடுத்தால் போய்விடும்.

புருசனுக்கு வாய்ப்பேச்சு அடங்கியதும் அவள் அதே வழியில் ஒரு ப்ரோக்ராம் செய்தாள். கட்டிலுக்கு எதிரே பழைய லேப்டாப். திரையில் தண்ணி, வலி, திருப்பிப் படுக்க வை, ஜன்னலைத் தொற, அம்மாவக் கூப்பிடு என்று பட்டன்கள். ஒரு வெளிச்சம் ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று நகரும். வேண்டிய பட்டனுக்கு வரும்போது சுரேந்திரன் விரலுக்கடியில் இருக்கிற மவுஸை அமுக்கினால் போதும், கம்ப்யூட்டர் அதைச் சத்தமாகச் சொல்லும். கிரிக்கெட் போடு என்று அவன் கேட்டு வாங்கிய பட்டனும் இருந்தது. ரேணுகாவைத் திட்டுவதற்கென்றே ஒன்று வைத்துக் கொடுத்தாள். அதை அமுக்கிவிட்டு அவன் கண்ணால் சிரிப்பான்.

நோய் முற்ற முற்ற அவள் ஃபைலில் வரிகளைக் குறைத்துக்கொண்டே வந்தாள். விரல் சுணங்கியது. வெளிச்சம் எல்லாப் பட்டனையும் சுற்றி வருவதற்குள் அவனுக்குக் களைத்துப்போகும். முதலில் கிரிக்கெட்டை எடுத்தாள். ஒரு வாரம் கழித்து ஜன்னலை. திட்டுகிற பட்டனை எடுத்த அன்றைக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று அழுதுவிட்டு வந்து ஃபைலை மூடினாள். அவசரத்தில் ஒருமுறை ஃபைலில் ஒரு வரியை முடிக்கிற குறியைப் போடாமல் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். ப்ரோக்ராம் திறக்கவே இல்லை. கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டதைச் சொல்ல வழியில்லாமல், சாயங்காலம் அவள் வரும்வரைக்கும் அவன் அப்படியே கிடந்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமியார் ஆண்டாயி, மகன் கண்ணில் தண்ணி வடிந்ததைச் சளி பிடித்ததால் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கடைசியில் ஃபைலில் மிஞ்சியது இரண்டே பட்டன். ஆமா. இல்ல. மற்றதையெல்லாம் அவள் வாயால் கேட்க வேண்டும், அவன் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆடி மாத மழையில் மூச்சு திணற ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டரம்மா ரேணுகாவை வெளியே கூப்பிட்டு விவரமாகச் சொன்னார். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து மெஷினில் இணைத்தால் இன்னும் சில வருசம் இழுக்கலாம். ஆனால் மெஷினை விட்டுப் பிரிய முடியாது, இந்த நோய் ஒருநாள் அவன் கண் இமையைக்கூட அசைக்க விடாமல் செய்துவிடலாம். வேண்டாம் என்றால் மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ள மருந்து இருக்கிறது, ஆனால் அவன் அதிக நாள் தாங்கமாட்டான். "அவர்கிட்டயே கேளுங்க. அவர்தான் சொல்லணும்," என்றார்.

ரேணுகா சொன்னதும் ஆண்டாயி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "கொழாய வச்சிரு ஆயி. எம்புள்ள இங்கன கெடக்கட்டும். நான் பாத்துக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ரேணுகாவுக்கு அவன் என்ன சொல்வான் என்று தெரியும். குளிக்க வைக்கிற சாக்கில் லேப்டாப்பைத் திருப்பி வைத்து ஃபைலைத் திறந்தாள். இல்ல என்ற வரியை அழித்தாள். சேமித்தாள். ப்ரோக்ராமை மூடித் திறந்தாள். திரை முழுக்க ஆமா என்ற ஒரே பட்டன். வெளிச்சம் அதன் மேலேயே நின்றது, போக வேறு இடமில்லை.

லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், மெஷின், வருசங்கள். இமையைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை விழுங்கிவிட்டாள். "வச்சிக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

அவன் திரையைப் பார்த்தான். விரல் மவுஸ் மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. பார்வையைத் திரையிலிருந்து எடுத்து அவள் முகத்தில் வைத்தான், எடுக்கவே இல்லை. கோபம்கூட இல்லை அதில். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அவனுக்குப் பேச வாய் கொடுத்துவிட்டு, இப்போது அதே கையால் அவன் வாயைப் பொத்திவிட்டோம் என்பது ரேணுகாவுக்கு அந்தப் பார்வையில்தான் உறைத்தது.

"என்னால முடியலைங்க," என்றாள். "நீங்க இல்லாம முடியாதுன்னுதான் அப்பிடி செஞ்சேன்."

அவன் எதிரிலேயே உட்கார்ந்து, அழித்த வரியைத் திரும்ப எழுதினாள். கண்ணீரில் எழுத்து தெரியாமல் இரண்டுமுறை தப்பாக அடித்துத் திருத்தினாள். ப்ரோக்ராமைத் திறந்தாள். இரண்டு பட்டனும் வந்தன. இமையைப் பற்றியும் இந்தமுறை சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

வெளிச்சம் ஆமாவில் நின்று நகர்ந்தது. இல்ல பட்டனுக்கு வந்ததும் அவன் விரல் அமுங்கியது. கம்ப்யூட்டர் தன் தட்டையான குரலில் இல்ல என்று சொன்னது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

ரேணுகா நெடுநேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், பயமா இருக்கா என்று கேட்டாள். ஆமா என்றான். அவள் மேல் கோபமா என்று கேட்டாள். இல்ல என்றான். வெளிச்சம் தானாக நகர்ந்து வருகிற வேகத்தில் விரல் தவறிப் பட்டிருக்குமோ என்று சந்தேகப்பட்டு இன்னொருமுறை கேட்டாள். அப்போதும் இல்ல என்றான்.

ஆவணி முடிவதற்குள் சுரேந்திரன் போய்விட்டான். டாக்டரம்மா சொன்னபடியே மூச்சு முட்டவில்லை, காலை வெயிலில் தூக்கத்தில் அடங்கினான். ஆண்டாயி மருமகளிடம் அதற்குப் பிறகு வெகுநாள் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு மூடி வைப்பாள். ரேணுகா காரியம் முடிந்து குன்னூருக்கு வேலைக்குப் போனாள். புதிய ஃபேக்டரி ஒன்றுக்குத் திரை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபைலைத் திறந்து முதல் பட்டனுக்கான வரியை எழுத ஆரம்பித்தவள், அதை முடிக்க முடியாமல் எழுந்து வெளியே போய் நின்றாள்.