ஐந்தருவியில் ஒரு ஆங்கிலப் பாட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஓர் ஆங்கில ஆல்பத்தில் ஒரு காதல் பாட்டு. அண்ணன் வைத்திருந்த கேசட்டில் கேட்டுக் கேட்டு, அர்த்தம் புரிவதற்கு முன்பே எனக்கு மனப்பாடம். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில் ஒருநாள் அடுக்களையில் அதைப் பாடிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்ற வந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பாட்டு. ஆசையாக ஒரு வார்த்தை வாய்திறந்து சொன்னதில்லை இந்த மனிதர். அதைச் சொல்லும் பாட்டை மட்டும் என்னையே பாடச் சொல்வார். கெட்டிக்காரர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பேச்சு திரும்பிவிட்டது, பாட்டு திரும்பவில்லை. மேலே ஏறும் இடத்தில் குரல் பிளந்தது. இத்தனை வருஷம் ரசித்தவர் காதில் இதையா போடுவது என்று பாடுவதையே விட்டுவிட்டேன். அவரும் கேட்கவில்லை. அதில் எனக்கு நிம்மதியும் இருந்தது, கோபமும் இருந்தது.

சாரல் காலத்தில் வாரம் ஒருநாள் விடிகாலையில் ஸ்கூட்டரில் குற்றாலம் போவோம். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் தலையைக் கொடுத்து நின்றால், அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. போன வருஷம் அங்கேதான் திருட்டுத்தனமாக அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். பிளந்தால் பிளக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த வருஷம் ஆடிக் கடைசியில் ஒருநாள் தண்ணீர் குறைவு. பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருக்கிறேன். திறந்து பார்த்தால் பக்கத்தில் குளித்த பெண்கள் என்னையே பார்க்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன வெளியே வந்தேன். ஈரத் தலையோடு ஸ்கூட்டர் பக்கம் நின்றவரிடம், உங்களுக்கும் கேட்டுவிட்டதா என்றேன்.

“போன சீசன்ல இருந்தே கேக்கேன். ஆம்பளைங்க பக்கம் நடுக் கம்பிய ஒட்டித்தான நிக்கேன். முழுசாக் கேக்காது, மேல போற எடம் மட்டும் கேக்கும்.”

முன்பே சொல்வதற்கென்ன என்று சீறினேன்.

“சொன்னா நீ நிப்பாட்டியிருப்ப.”

இவருக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று மனசு நிறைந்துபோய் நின்றேன். வண்டி கிளம்பியதும் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து பாடினேன். குரல் பிளக்கும் இடம் வந்தபோது அவர் வண்டியை மெதுவாக்கினார்.