சேராங்கொட்டை வைத்த கை

என் வலது கையில் மரு முளைத்தது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில். மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் மாதம் மறக்கவில்லை. சத்துணவுத் திட்டம் வந்த மறு வருடம் அது. ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் அமைப்பாளர் வேலை கிடைத்து, சந்தவாசலிலிருந்து வந்து தங்கியிருந்தேன்.

கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முதலில் ஒன்று வந்தது. மிளகளவு. தொட்டால் சொரசொரப்பு, உற்றுப் பார்த்தால் உள்ளே கரும்புள்ளிகள். கார்த்திகைக்குள் அதைச் சுற்றி ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. சமையல் செய்தவர் அந்த ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். "பாவக்கா கொடி ஏறுது டீச்சர், பந்தல் போட்டுடலாமா" என்றார். நான் டீச்சர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நிற்கிற பெண்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான்.

அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அதன் பாலை வைத்துப் பார்த்தோம். ஊரில் என் அம்மா கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டார். உப்பு கரைவதுபோல மருவும் கரைந்துவிடுமாம். கரையவில்லை. பிறகுதான் அக்கா காட்டிலிருந்து சேராங்கொட்டை கொண்டுவந்தார். வண்ணார் துணிக்குக் குறி போடும் அதே கொட்டை. ஊசியில் குத்தி விளக்கில் காட்டினால் கறுப்பாக எண்ணெய் கசியும். அதை மருவின் தலையில் மட்டும் ஒற்ற வேண்டும். மற்ற தோல் வேகாமல் இருக்க, சுற்றிலும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவினார். அதுதான் வினையானது. ஒற்றிய சொட்டு அந்த எண்ணெய்மேலேயே வழுக்கிப் பரவிவிட்டது.

மறுநாள் கை வீங்கிக் கொப்புளித்தது. பொங்கலுக்குள் ஆறியது. மருக்கள் போயிருந்தன. அந்த இடத்தில் வெளுத்த, பளபளப்பான ஒரு வட்டம் இருந்தது.

எங்கள் சமையலறைச் சுவரில் தொழுநோய் பற்றிய சுவரொட்டி ஒன்று உண்டு. வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே பரிசோதிக்கும்படி எழுதியிருக்கும். தினமும் அதன் கீழேதான் அரிசி அளப்பேன். ஒருநாள் கொதிக்கும் சாம்பார் என் கையில் தெறித்தது. அக்கா பதறிப்போய்த் துடைத்தபோதுதான் தெறித்ததே எனக்குத் தெரிந்தது. அன்று மாலை துடைப்பக் குச்சியால் குத்திப் பார்த்தேன். வட்டத்தைச் சுற்றி வலித்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

வெந்த தோல்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் நோய் பல வருடம் உடம்பில் ஒளிந்திருக்கும் என்று படித்திருந்தேன். மருவுக்கு அடியில் அந்த வெளுப்பு முன்பே இருந்திருந்தால்? எங்கள் தெருவில் ஒருவருக்கு வீட்டாரே மாட்டுக் கொட்டகையில் தனித் தட்டு வைத்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இந்தக் கையால் போடுகிற சோற்றைத் தின்ன எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டே பரிமாறினேன்.

மாசியில் தொழுநோய்ப் பரிசோதகர் வந்தார். பிள்ளைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். முந்தானையை எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவர் பேனா முனையால் தொடுகிற இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும். மூடிக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"தொட்டுட்டேங்க" என்றார்.

கண்ணைத் திறந்தேன். பேனா அந்த வட்டத்தின் நடுவில் இருந்தது. கரண்டியும் கையுமாக அக்கா வெளியே வந்தார். "அது நான் சேராங்கொட்ட வெச்ச எடம் சார். வெந்த தோலு. வேற இன்னா இருக்கப் போவுது?" என்றார். பரிசோதகர் என் முழங்கையைத் தடவிப் பார்த்தார். நரம்பு தடிக்கவில்லை, இருந்தாலும் வேலூரில் டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும் என்றார். தலைமையாசிரியர் வேறெங்கோ பார்த்தபடி, "அதுவரைக்கும் பரிமாற வேணாம்மா" என்றார். அன்று அக்காதான் சோறு போட்டார்.

அமிர்தி வழியாக வேலூர் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட எனக்குப் பயம். வலது கையை மடியிலேயே வைத்திருந்தேன். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். "ஓரத்துல பாருங்க. மரு திரும்பவும் மொளைக்குது." சொரசொரப்பாக, கடுகைவிடச் சிறியதாக ஒன்று, உள்ளே அதே கரும்புள்ளி. நோய் எதுவும் இல்லை, எண்ணெய் சுட்டதில் தோல் மரத்திருக்கிறது, உணர்ச்சி மெதுவாகத் திரும்பும் என்றார். மருவில் இனி எதையும் வைக்கக் கூடாது, தானே போய்விடும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்று பள்ளி வாசலிலேயே கேட்டார் அக்கா.

"மருதானாம்."

"அப்ப இருந்துட்டுப் போவட்டும்" என்று கரண்டியை என் கையில் கொடுத்தார்.

அந்த மரு வளர்வதை ஆசையோடு பார்த்தேன். பிள்ளைகளின் தாய்மார்களிடம் வலியப் போய்க் காட்டினேன். ஆடியில் ஒருநாள் காலை அது இல்லை. சுவடே இல்லாமல் உதிர்ந்திருந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கு அந்த வெளுத்த வட்டம் மட்டும் மிஞ்சியது. மருதான் என்று இனி எதைக் காட்டுவேன்?

கதவைச் சாத்திக்கொண்டு துடைப்பக் குச்சியை எடுத்தேன். கண்ணை மூடி வட்டத்தின் நடுவில் குத்தினேன். லேசாக வலித்த மாதிரி இருந்தது. நம்பாமல் இன்னும் அழுத்தினேன். கண்ணைத் திறந்தபோது இரத்தம் வந்திருந்தது.