கருப்பட்டி வண்டியும் உப்பு வண்டியும்

நான் நாலாம் வகுப்பு வரைதான். கடைசிப் பரீட்சையும் தேறவில்லை. ஒரு பொது மடங்குக் கணக்கால் போனது. எழுத்துக் கோணலாக இருந்தால் இருக்கட்டும், எழுதிவைக்கிறேன்.

அப்பா காய்ச்சலில் போனபோது எனக்குப் பதினொரு வயது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே பெரியப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். "பரீட்சையில தேறுனா இன்னும் ரெண்டு வருசம் படிக்கட்டும். இல்லன்னா வார தையில கட்டிக் குடுத்துருவோம்." அவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை, பெண்சாதியைப் பறிகொடுத்தவர். முப்பதைத் தாண்டியவர்.

காரியத்துக்கு நாள் எண்ணும் வேலை என்னுடையது. அடுப்படிச் சுவரில் தினம் ஒரு கரிக்கோடு. அப்பா போன மறுநாள்தான் முதல் கோடு போட்டேன். அத்தை பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள். "ஏட்டி, எங்கண்ணன் போன நாள யாரு எண்ணுவா? அதுதாம்ட்டி ஒண்ணு." அதன் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். அழுகை அப்போதுதான் வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் பரீட்சை. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் அதிகாரி வந்திருந்தார். மூன்று கணக்கில் இரண்டு சரியானால் தேறலாம். முதலாவது சரி. இரண்டாவது பின்னம், தப்பாகிவிட்டது. மூன்றாவது இது: கருப்பட்டி வண்டி ஆறு நாளைக்கு ஒரு தடவை ஊருக்கு வரும், உப்பு வண்டி எட்டு நாளைக்கு ஒரு தடவை. இன்று இரண்டும் வந்தன. மறுபடி எத்தனையாம் நாள் சேர்ந்து வரும்?

டீச்சர் சொல்லித் தந்தபடி ஆறையும் எட்டையும் எழுதி இரண்டால் வகுத்தேன். மூன்று, நான்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் இருபத்துநான்கு. சிலேட்டில் எழுதியும் விட்டேன். பிறகுதான் இன்றைய நாளை விட்டுவிட்டேனே என்று பட்டது. எச்சில் தொட்டு அழித்து, இருபத்தைந்து என்று போட்டேன்.

அதிகாரி சிலேட்டைத் திருப்பிப் பார்த்தார். "வழியெல்லாம் சரி. விடைய எதுக்கும்மா கெடுத்த?"

"இன்னையச் சேக்கணும்லா, ஐயா."

"இன்னைக்குத்தான் வண்டி வந்தாச்சே. அதுல எண்ண என்ன இருக்கு?"

பின்னால் ஒருத்தி, "ஒண்ணு கூடிட்டே, இவளும் வண்டியில ஏறிட்டா போல" என்றாள். வகுப்பே சிரித்தது.

டீச்சர் குனிந்து, "அஞ்ச அழிச்சிட்டு நாலு போடு, தாயி. ஐயா பொறுத்துக்கிடுவாக" என்றார். அதிகாரியும் தலையசைத்துக் காத்திருந்தார்.

அழித்தால் தேறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். தை மாதமும் தெரியும்.

"எங்கப்பாவுக்கு இப்படித்தான் எண்ணுனோம்" என்றேன். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அதிகாரி சிலேட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. "அழிக்கச் சொன்னாகளாம்லா? அழிச்சாத்தான் என்னளா?" என்று கேட்டாள் அம்மா. அம்மா அன்று உலை வைக்கவில்லை.

தையில் கல்யாணம். ஆற்றுக்கு அக்கரை ஊர். பெட்டியில் சேலைக்கு அடியில் அம்மா சிலேட்டை வைத்திருந்தாள். என் மாமியார் அதை எடுத்து மாவடுப் பானைக்கு மூடியாக்கினாள். சித்திரையில் அம்மா வந்தபோது, "எழுதுதியாளா?" என்றாள்.

"எழுதுதேன்" என்றேன்.