மாட்டெலும்பும் ஜெசியின் கிட்டாரும்

போன வாரம் பல் டாக்டர் என் கடைவாயில் டிரில்லை வைத்ததும் ஒரு கருகிய வாடை வந்தது பாருங்கள், வாயைத் திறந்தபடியே சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் நிறுத்தினார். பஞ்சு அடைத்த வாயால் ஜெசியின் கிட்டாரைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஜெசி என் கல்லூரித் தோழி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு. அந்த டிசம்பரில், வீடு வீடாகப் போய்ப் பாடுகிற லயத்துக் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவை முதன்முதலாக அவள் கிட்டாரோடு நடத்திப் போக வேண்டும். அன்று காலை பார்த்து நட்டு உடைந்துவிட்டது. திருகுகிற நட்டு இல்லை. கிட்டார்க் கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காருகிற சின்னத் துண்டு. வெறும் பிளாஸ்டிக். கிட்டாரோடு மலையிறங்கி, போடியில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா எங்க சித்தப்பா மகன் கீபோர்டக் கழுத்துல மாட்டிக்கிட்டு முன்னால போயிருவான்டி. நான் இந்த வருசமும் கை தட்டிக்கிட்டே பின்னால போகணும்.”

மூன்று வீடியோ பார்த்திருந்த நான் அப்போதே நிபுணி. போடியில் கிடைக்காத பொருளா என்று அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நட்டுக்கு, தட்டினால் கணீரென்கிற கெட்டிப் பொருள் வேண்டும். விறகுக்கடைப் புளியங்கட்டையைத் தரையில் போட்டால் ‘டொக்’. கொட்டாங்கச்சிக்குச் சத்தம் ஜோர், ஆனால் வளைவு. நேராகத் தேய்த்தால் காகிதமாகிவிடும். ஆட்டுக்கால் எலும்பு சன்னம். கடைசியில் சூப்புக்கடையில், வெந்து கொழுப்பெல்லாம் போன மாட்டுக்கால் எலும்பு! கல்லில் போட்டேன். ‘ணங்!’ நடுத்தெருவில் இருவரும் கத்திவிட்டோம்.

ரம்பம் எங்கள் வீட்டில். வீட்டிலோ அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். எலும்பும் கையுமாக வாசலில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

“சாமி, இது கறி இல்ல. வெறும் எலும்பு.”

“எலும்பு என்ன மரத்துலயா காய்க்குது? படியேறுன, காலு இருக்காது!”

சொல்லிவிட்டு உள்ளே போனவர், ரம்பத்தையும் அரத்தையும் ஜன்னல் வழியாக அவரே எறிந்தார். “வெரசாத் தூக்கிட்டுப் போங்க.”

அடிபம்பு மேடையில் வைத்து அறுத்தோம். மிச்சச் சோலி, லயத்துக்கு மலையேறுகிற ஜீப்பில். வளைவுக்கு வளைவு நான் அரத்தால் தேய்க்கத் தேய்க்க, அந்த வாடை!

“ஏ புள்ள, என்னத்த ஒரசுற? மசானத்து வாடையால்ல இருக்கு!” என்றார் பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருந்த அக்கா.

“எலும்புதாங்க்கா.”

“ஆத்தாடி! யாரு எலும்புடி?”

மூச்சுவிட இடமில்லாத ஜீப்பில் எங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

லயத்தில் இறங்கியதும் எலும்புத் துண்டில் தந்திகள் உட்கார ஆறு காடி கீறிப் பொருத்தி, தந்திகளை முறுக்கி ஏற்றினோம். கீபோர்டுத் தம்பி தயாராக நின்றான். ஜெசி ஆறு தந்திகளையும் ஒருசேர வருடினாள். அதுவரை மொண்ணையாகக் கேட்ட கிட்டாரா இது! ஓசை அடங்கவே இல்லை.

“நீயே முன்னால போக்கா” என்று தம்பி கழுத்து வாரைக் கழற்றினான்.

வாசல் வாசலாக நின்று பாடினோம். நானும் பாடினேன், பொறுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடமே தோட்டம் கைமாறியது. லயத்துச் சனம் ஆளுக்கொரு ஊராகப் போனது. ஜெசி இப்போது ஓசூரில், நாலாவது மாடியில். கிட்டார் இருக்கிறது, குரலும் இருக்கிறது. “இங்க போயிப் பாடுனா எவ கதவத் திறப்பா?” என்கிறாள். முதல் வரி கேட்டதும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்கள் வெளியே வந்து நின்ற அந்த வாசல்கள், கூரையும் கதவும் போய், ஏலச்செடிகளுக்குள் கிடக்கின்றன.