லுவான் யூச்சின் திருப்பிவைத்த தட்டுகள்

மாவட்ட விதை நிலையத்தில் லுவான் யூச்சினுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. முளை எண்ணுவது. மக்காச்சோள விதை வந்து இறங்கினால் கைக்கு வந்தபடி நானூறு மணிகளை எடுத்து, ஈரமணல் பரப்பிய நான்கு தட்டுகளில் நூறு நூறாக ஊன்றுவாள். ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, மூட்டைச் சீட்டில் எழுதி, தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு ஒற்றுவாள். நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் கீழே போனால் அது விதையில்லை, தீவனம்.

அவள் அந்த நிலையத்துக்குச் சமையல்காரியாக வந்தவள். முதலில் முளை எண்ணிக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போனபோது ஒரு கைப்புத்தகத்தை விட்டுப்போனார். அதன் முதல் பன்னிரண்டு பக்கங்களை யாரோ கிழித்துப் புகையிலை சுருட்டிவிட்டிருந்தார்கள். ஏன் என்று சொல்லும் பகுதி புகையாகப் போய்விட்டது. எப்படி என்று சொல்லும் பகுதி மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு, காய்கறி நறுக்கிய நேரம் போக, தானாகக் கற்றுக்கொண்டாள்.

முளைகட்டும் மின்பெட்டி ஒன்று உண்டு. அது வந்த வருடமே கெட்டுப்போனது. அதனால் தட்டுகள் காங் மேல்தான் இருக்கும். அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றும் செங்கல் மேடைதான் காங். வடகிழக்குச் சீனாவில் அது இல்லாத வீடு இல்லை, குளிர்காலத்தில் அதை விட்டு இறங்குகிற ஆளும் இல்லை. அடுப்பை ஒட்டிய முனை கொதிக்கும். புகைபோக்கிப் பக்கத்துக் கடைசி முனையில் கால் விறைக்கும். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரே மூட்டையின் விதை ஒரு தட்டில் தொண்ணூறும் இன்னொரு தட்டில் அறுபதும் முளைத்தது. யூச்சின் அதை விதி என்று விடவில்லை. வெப்பமானியை மேடையின் நீளத்துக்குச் சாண் சாணாக நகர்த்திப் பார்த்தாள். அடுப்பு முனையில் இருபத்தெட்டு, கடைசி முனையில் பதினாறு. அன்றிலிருந்து காலையும் மாலையும் தட்டுகளை இடம் மாற்றித் திருப்பி வைத்தாள். எல்லாத் தட்டுக்கும் சூட்டிலும் குளிரிலும் சம பங்கு. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளும் யாருக்கும் சொல்லவில்லை. பானையைக் கிளறுவதைப் பற்றி யார் பேசுவார்கள்?

1987-ஆம் வருடம் உறைபனி மூன்று வாரம் முந்திக்கொண்டது. கதிர்கள் காய்வதற்குள் விதைக்கரு அடிபட்டுவிட்டது. எண்ணூறு மூட்டை. நிலையத் தலைவர் மூ, ஜனவரியிலேயே 'விதை தயார்' என்று மேலே எழுதிவிட்டார். எழுதிய பிறகு முளைக்காமல் போவது விதையின் குற்றமே தவிர அவருடையது அல்ல. மார்ச்சில் யூச்சின் எண்ணினாள். அறுபத்திரண்டு.

"இன்னொரு தரம் எண்ணிப் பாருங்க லுவான் அக்கா" என்றார் மூ.

"எண்ணினேன். மொத தரம் முளைக்காதது ரெண்டாந்தரம் வெக்கப்பட்டு முளைக்கலே."

அந்த வாரம்தான் சியோங் மாஸ்டர் ஊருக்கு வந்திருந்தார். முன்பு பேருந்தில் சீட்டுப் பரிசோதகர். ஒருமுறை காய்ச்சலில் படுத்து எழுந்ததும் உள்ளங்கையிலிருந்து சக்தி வெளிப்படத் தொடங்கியதாம். ஒட்டிய கடித உறைக்குள் இருப்பதைப் படிப்பார், எக்ஸ்ரே இல்லாமல் எலும்பைப் பார்ப்பார். மாவட்ட நாடக அரங்கில் அவர் மூன்று மணி நேரம் பேசினார். ஆயிரம் பேர் பீங்கான் பூச்சுக் குவளையில் தண்ணீர் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டு சக்தி பிடித்தார்கள். யூச்சினின் கணவன் குவான் இரண்டு குவளை கொண்டுபோனான். மறுநாள் இடுப்புவலி போய்விட்டது என்றான்.

"மூணு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கே. எந்த இடுப்புக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் யூச்சின்.

"உனக்கு எதையும் நம்பத் தெரியாது."

"உன்னை நம்பித்தானே கட்டிக்கிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு தரம் போதும்."

மாஸ்டருடன் நகரத்திலிருந்து ஷாவோ என்ற விரிவுரையாளரும் வந்திருந்தார். மாஸ்டருக்குச் சக்தி எப்படியோ, ஷாவோவுக்குச் சொல் அப்படி. எதற்கும் ஒரு பெயர் வைத்து நோட்டில் எழுதுவார். எழுதியவுடன் அது அறிவியல். மூ அவர்கள் இருவரையும் விருந்துக்கு அழைத்தார். மூன்றாவது கிண்ணச் சாராயத்தில் யோசனை பிறந்தது: எண்ணூறு மூட்டைக்கும் மாஸ்டர் சக்தி கொடுத்தால் என்ன?

"கொடுக்கலாம்" என்றார் மாஸ்டர். "உயிர்தானே. கொஞ்சம் தட்டி எழுப்பணும்."

"ஆனா முறைப்படி சோதனை செய்யணும்" என்றார் ஷாவோ. "ஒப்பீட்டோட."

இதைக் கேட்டு யூச்சினுக்கு அவர் மேல் மரியாதைகூட வந்தது.

மாஸ்டர் ஒரு மூட்டைக்கு எதிரே நாற்பது நிமிடம் உள்ளங்கையை நீட்டியபடி நின்றார். அந்த மூட்டையிலிருந்து நான்கு தட்டு, சக்தி பெறாத மூட்டையிலிருந்து நான்கு தட்டு. யூச்சின் எட்டையும் காங் மேல் வைத்தாள். வழக்கம்போல் காலையும் மாலையும் திருப்பினாள். ஏழாம் நாள், மாஸ்டரின் தட்டுகளில் சராசரி அறுபத்தொன்று. சாதாரணத் தட்டுகளில் அறுபத்திரண்டு.

ஷாவோ நோட்டைப் புரட்டினார்.

"இந்த அம்மா ஏழு நாள்ல தட்டுகளைப் பதினாலு தடவை தொட்டிருக்காங்க. தொடும்போது முகம் எப்படி இருந்துச்சுன்னும் குறிச்சிருக்கேன். பதினாலு தடவையும் நம்பிக்கையில்லாத முகம்."

"எம் மொகமே அப்படித்தான். எங்க அம்மாவுக்கும் அதே மொகம்" என்றாள் யூச்சின்.

"சந்தேகப் புலம்" என்றார் ஷாவோ, மூவைப் பார்த்து. "சில பேரைச் சுத்தி இருக்கும். சக்தியை அப்படியே உறிஞ்சிடும்."

அன்று மாலைக்குள் காங் அறையிலிருந்து முப்பது மீட்டர் அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அதைத் தாண்டி யூச்சின் வரக்கூடாது. கோடு நிலையத்தின் உணவுக்கூட வாசலில் விழுந்தது. அவளும் மறுக்காமல் உள்ளே போய் ரொட்டி மாவு பிசைந்தாள்.

இரண்டாவது சோதனையை மூவே முன்னின்று நடத்தினார். தட்டுகளை அவரே தூக்கி வந்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காங்கின் அடுப்பு முனையில்தான் உட்காரவைப்பார்கள். கடைசி முனையில் உட்காரவைத்தால் பத்து வருடம் ஊரே பேசும். மாஸ்டர் மாவட்டத்துக்கே விருந்தாளி. அவருடைய தட்டை எங்கே வைப்பது என்று மூ ஒரு கணமும் யோசிக்கவில்லை. கை தானாக அங்கே போனது. சாதாரணத் தட்டுகள் கடைசி முனையில். விருந்தாளியை யார் எழுப்பி இடம் மாற்றுவார்கள்? ஏழு நாளும் யாரும் எதையும் திருப்பவில்லை.

மாஸ்டரின் தட்டுகள் எண்பத்தாறு. சாதாரணத் தட்டுகள் நாற்பது.

பட்டாசு வெடித்தார்கள். பன்றிக்கறி வைத்த கொழுக்கட்டைகளை யூச்சின்தான் இருநூறு பிடித்து வேகவைத்தாள். மூ கொழுக்கட்டைத் தட்டோடு உணவுக்கூட ஜன்னலுக்கு வந்தார்.

"எண்பத்தாறு, லுவான் அக்கா! சீட்டெல்லாம் எழுதி முத்திரையைப் போட்டுடுங்க. முத்திரை உங்களுதா இருந்தாத்தான் கிராமத்துக்காரன் வாங்குவான்."

"தட்டுங்க எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எந்தப் பக்கம்னா? மாஸ்டரோடது அடுப்பு முனையில. கேக்கணுமா இதை?"

யூச்சின் சட்டுவத்தைக் கீழே வைத்தாள். வெப்பமானியைப் பற்றி, இருபத்தெட்டைப் பற்றி, பதினாறைப் பற்றிச் சொன்னாள். அடிபட்ட கரு சூட்டில் எழுந்துகொள்ளும், குளிரில் அழுகும் என்றாள். பின்னால் வந்து நின்ற ஷாவோ பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, நீங்க திருப்பினா பலன் வரலே. திருப்பாட்டி வருது. நானும் இதைத்தானே சொல்றேன்?"

ஆள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. யூச்சினுக்கு அதுதான் எரிச்சல்.

"சரி, இன்னொரு தரம் பாப்போம்" என்றாள் கடைசியில். "நான் கோட்டைத் தாண்ட மாட்டேன். இங்கேயே தட்டுல ஊனி, நம்பர் மட்டும் போட்டுக் கொடுக்கறேன். எந்த நம்பர் யாருதுன்னு எழுதி உறையில ஒட்டி, ஒட்டின இடத்துல முத்திரையும் போட்டுடறேன். உறை மாஸ்டர்கிட்டயே இருக்கட்டும். அவருக்குத்தான் பிரிக்காமலே படிக்க வருமே."

சுற்றி முப்பது பேர் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார்கள். மாஸ்டர் சிரித்து, உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எட்டுத் தட்டுகள், ஒன்று முதல் எட்டு வரை. மூ இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு காங்குக்கு எதிரே நின்றார். இத்தனை வருடத்தில் விருந்தாளி யார், வீட்டு ஆள் யார் என்று தெரியாமல் அவர் நின்றதே இல்லை. தப்பான தட்டை அடுப்பு முனையில் வைத்துவிட்டால் மரியாதைக் குறைவு. மாஸ்டரைக் கடைசி முனையில் தள்ளிவிட்டால் அதைவிடப் பெரிய குறைவு. வியர்த்துவிட்டது.

"மாஸ்டர், நீங்களே சொல்லிடுங்க. உங்க தட்டு எது?"

மாஸ்டர் கண்ணை மூடி, உள்ளங்கையை ஒவ்வொன்றின் மேலும் நகர்த்தினார். "ஒண்ணு. நாலு. ஆறு. ஏழு. கூப்பிடுதுங்க." அந்த நான்கும் அடுப்பு முனைக்குப் போயின. மூ நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ஏழாம் நாள், ஒன்று, நான்கு, ஆறு, ஏழு: சராசரி எண்பத்தைந்து. மற்றவை: நாற்பத்தொன்று. மூ கைதட்டத் தொடங்கினார். ஷாவோ உறையைப் பிரித்தார். மாஸ்டரின் தட்டுகள் இரண்டு, நான்கு, ஐந்து, எட்டு.

கைதட்டல் நடுவில் நின்றது. எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார்.

"போயிடுச்சு. எதுக்கு அதிகம் தேவையோ அதுகிட்ட போயிடுச்சு. நான் தடுக்கலே."

"இடம்பெயர்வு!" என்றார் ஷாவோ, கண்கள் பளபளக்க. முதல் இரண்டு சோதனைகளைவிட இது அவருக்கு அதிகம் பிடித்திருந்தது.

"அப்போ எண்ணூறு மூட்டைக்கும் தனித்தனியா கொடுக்கக்கூட வேணாம்" என்றார் மூ. "ஒரு மூட்டைக்குக் கொடுத்தாப் போதும், மத்ததுக்குத் தானாப் போயிடும்."

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற யூச்சினைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்தினார். "சீட்டு எழுதுங்க அக்கா. எண்பத்தாறு. இல்லேன்னா முளை எண்ண வேற ஆளைப் பாக்கணும். நீங்க உணவுக்கூடத்துலயே இருந்துக்கலாம்."

வீட்டில் குவான், "எழுதிக் கொடுத்துடேன். உனக்கென்ன வந்துச்சு?" என்றான்.

"வயலுக்கு அடுப்பு முனை கிடையாது" என்றாள் யூச்சின். "மே மாசம் மண்ணு பத்து டிகிரி. ஒரு கிராமத்துல மட்டும் முப்பது வீடு இதை ஊனும். வரிசை வரிசையா அழுகும். மறு விதைப்புக்கு நாளும் இருக்காது. சீட்டுல இருக்கறது மாஸ்டர் பேரில்லே, எம் பேரு."

மறுநாள் எண்ணூறு சீட்டுகளையும் அவளே கையால் எழுதினாள். அச்சடித்த சீட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று முளைப்பு. இன்னொன்று குறிப்பு, நிலையம் தொடங்கியதிலிருந்து யாரும் நிரப்பாத கட்டம். முளைப்புக் கட்டத்தில் 86 என்று கொட்டையாக எழுதினாள். குறிப்பில்: 'காங்கின் அடுப்பு முனையில், 28 டிகிரியில். 16 டிகிரியில் 40.' கீழே சிவப்பு முத்திரை. மூ பத்துப் பதினைந்து சீட்டுகளைப் புரட்டினார். எண்பத்தாறு இருந்தது, முத்திரை இருந்தது. அவருக்கு வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் நடுவில் வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. முதல் மூட்டை தெங் என்ற விவசாயிக்கு. அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தான். மாஸ்டரின் பெருமையை மூ சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு கேட்டான்:

"தலைவரே, எங்க வயலுக்கடியில அடுப்பு எரிக்கறது யாரு? நீங்களா, மாஸ்டரா?"

சீட்டு கைமாறிக் கடைசி வண்டிவரை போனது. சிரிப்பும் கூடவே போனது. ஒருவன், "எண்ணூறு மூட்டைக்கு எவ்வளவு வெறகு வேணும்னு கேளு!" என்று கத்தினான். வெற்று வண்டிகள் திரும்பின. நான்காம் நாள் மூ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போய் விதை கேட்டார். பாதிக்குத்தான் கிடைத்தது. மீதி நிலத்தில் அந்த வருடம் சோயா போட்டார்கள். யாரும் பணக்காரராகவில்லை, யாருடைய வயலும் அழுகவில்லை.

எண்ணூறு மூட்டையும் பன்றிப் பண்ணைக்குப் போனது. இலையுதிர்காலத்தில் ஷாவோவின் கட்டுரை ஒரு பத்திரிகையில் வந்தது: சக்தி பெற்ற தீவனத்தால் பன்றிகளின் எடை கூடியது. எந்தத் தீவனமும் பெறாத பன்றிகளோடு ஒப்பிட்டாரோ என்னவோ, அதைப் பற்றி அதில் இல்லை. அடிக்குறிப்பில் யூச்சினும் இருந்தாள்: 'லு., பெண், 44 வயது, வலுவான எதிர்ப்புலம்.' குவான் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினான். குடும்பத்தில் பத்திரிகையில் பெயர் வந்தவள் அவள் ஒருத்திதான். அதன் பிறகு சீட்டாடுகிறவர்கள் தோற்கும்போதெல்லாம் அவளை எழுந்துபோகச் சொன்னார்கள். எதிராளியின் பின்னால் போய் நிற்கச் சொன்னவர்களும் உண்டு.

சொன்னபடியே அவளை உணவுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார் மூ. ஒரு வருடம் ரொட்டி அவித்தாள். ஆவிப் பாத்திரத்தில் அடித்தட்டு முந்தி வேகும், மேல்தட்டு பிந்தி வேகும் என்பதால் நடுவில் ஒருமுறை தட்டுகளை மாற்றிவைப்பாள்.

அடுத்த ஏப்ரலில் விதை நன்றாகவே இருந்தது. புது ஆள் எண்ணி, புது முத்திரை போட்டிருந்தான்: தொண்ணூற்றிரண்டு. முதல் வண்டியில் தெங். சீட்டைப் பார்த்தான், மூட்டையைத் தொடவில்லை.

"லுவான் அக்கா முத்திரை எங்கே?"

"அவங்க இப்போ சமையல்ல இருக்காங்க" என்றார் மூ.

"சரி, ரொட்டி சாப்பிட்டுக்கிட்டே காத்திருக்கோம்."

வண்டிகள் நகரவில்லை. மூ மூட்டைச் சீட்டுகளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு உணவுக்கூட ஜன்னலுக்கு வந்தார். "ஒரு ஒத்து ஒத்திடுங்க அக்கா. தொண்ணூத்திரெண்டு. நல்ல விதை."

"காங் மேல தட்டைத் திருப்பினது யாரு?"

மூ மைப்பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

யூச்சின் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். சுண்ணாம்புக் கோடு மழையில் பாதி அழிந்திருந்தது. மீதியை மிதித்துக்கொண்டு காங் அறைக்குள் போனாள். மூட்டைகளிலிருந்து புதிதாக நானூறு மணிகளை எடுத்து, நான்கு தட்டில் ஊன்றி வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து தெங்கைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏழு நாள் கழிச்சு வா."

"மாஸ்டர் சொன்னாரே, தொடாமலே..." என்று தொடங்கினான் தெங், பல்லைக் காட்டிக்கொண்டு.

"நான் தொடுவேன்" என்றாள் யூச்சின். "பதினாலு தடவை."